மீன் மழை பொழியும் பனிக் கூடம்

ஆலங்கட்டி மழை பார்த்திருப்பீர்கள். பூ மழை பொழிந்ததாகப் புராணங்களில் படித்திருப்பீர்கள். மீன் மழை பார்த்ததுண்டா?

அமெரிக்காவில், நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த இத்தாக்கா என்ற ஊரில் ஆண்டுக்கு ஒரு நாள் மீன் மழை பொழிகிறது. ஆகாயத்திலிருந்து அல்ல, கூரை போட்ட ஒரு கூடத்துக்குள்ளே! பொழிகிறவர் வருண பகவானும் அல்ல, சர்வகலாசாலை மாணவர்கள்!

ஹாக்கிப் பந்தயம் பார்க்க வருகிற இந்த மாணவர்கள், எதிர்க் கோஷ்டி மைதானத்தில் கால் வைத்ததும், சட்டைக்குள்ளிருந்து மீன்களை எடுத்துச் சரமாரியாக வீசுகிறார்கள். எதற்காக மீன்? யார் மேல் என்ன கோபம்? அதைச் சொல்வதற்கு முன்னால் நேயர்களை அந்தக் கூடத்துக்கே ஒரு நடை அழைத்துப் போகிறேன். கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே உறைபனி, உள்ளேயும் குளிர்தான்!

குன்றின் மேல் ஒரு கலாசாலை

நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே 200 மைலுக்கு மேல் போனால் இத்தாக்கா வரும். கயூகா என்ற நீண்ட ஏரியின் தென்கோடியில், குன்றுகளும் அருவிகளும் சூழ்ந்த ஊர். அந்தக் குன்றின் மேல் இருப்பதுதான் கார்னெல் சர்வகலாசாலை. தந்தித் தொழிலில் பணம் சேர்த்த எஸ்ரா கார்னெல் என்பவரும், ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் என்ற அறிஞரும் சேர்ந்து 1865-ல் தொடங்கியது.

அங்கே குளிர்காலம் நம் ஊர் மார்கழி போல அல்ல. மாதக்கணக்கில் மண் கண்ணில் படாது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். படிப்பு ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம் என்று நெருக்கப்பட்ட மாணவனுக்கு வெள்ளி, சனி இரவுகளில் ஒரே அடைக்கலம் உண்டு. அதுதான் லைனா பனிக் கூடம்.

இந்தக் கூடம் கட்டுவதற்கு முன்பு ஆட்டம் எங்கே நடந்தது? சர்வகலாசாலைக்குள்ளேயே பீபி ஏரி என்று ஒன்று இருக்கிறது. குளிரில் அது உறைந்ததும் அதன் மேலேயே ஆடினார்கள். ஆனால் இயற்கை நம் கைக்கு அடங்கினதா? சில ஆண்டு ஏரி சரியாக உறையாது, ஆட்டமும் நடக்காது. இப்படியே தள்ளாடித் தள்ளாடி, 1940-களின் இறுதியில் ஆட்டம் நின்றே போயிற்று. 1957-ல் செயற்கைப் பனித் தரையோடு கூடம் எழும்பிய பிறகுதான் ஹாக்கிக்கு மறுபிறவி. கார்னெலின் பழைய மாணவரும், ஒரு காலத்தில் அங்கே விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்தவருமான ஜேம்ஸ் லைனாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இது என்ன ஆட்டம்?

ஹாக்கி என்றதும் நம் கண் முன்னால் வருவது புல்தரை, தியான்சந்த், ஒலிம்பிக் தங்கப் பதக்கம். கோவில்பட்டி நேயர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் இது அந்த ஹாக்கி அல்ல, பனி ஹாக்கி.

200 அடி நீளம், 85 அடி அகலத்தில் ஒரு பனிப் பாளம். சுற்றிலும் பலகைச் சுவர். அதற்கு மேல் கண்ணாடி. கோல் கீப்பரையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய ஸ்கேட் ஜோடு. பந்து கிடையாது, அதற்குப் பதில் ‘பக்’ என்று ஒரு ரப்பர் வில்லை. மூன்று அங்குலக் குறுக்களவு, ஓர் அங்குலக் கனம். துள்ளிக் குதிக்கக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைத்துவிடுகிறார்கள்!

இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள். வீரர்கள் பறக்கும் வேகத்தில், ஒருவன் ஒரு நிமிஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் வெளியே குதிப்பான். மற்றொருவன் உள்ளே குதிப்பான். தப்பு செய்தவனுக்குக் கூண்டு! ஓரத்தில் கட்டியிருக்கும் ஓர் அடைப்பில் இரண்டு நிமிஷம் உட்கார வேண்டும். அதுவரை அவன் கோஷ்டி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். இந்தக் கூண்டை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதைப் பற்றி ஒரு வேடிக்கை வரப்போகிறது.

ஏழு மணி ஆட்டம்

ஆட்டம் இரவு ஏழு மணிக்கு. ஆறு மணிக்கே குன்றின் பாதைகளெல்லாம் சிவப்பாகிவிடுகின்றன. சிவப்புதான் கார்னெலின் நிறம். சிவப்புச் சட்டை, சிவப்புக் குல்லாய், சிவப்புக் கழுத்துக் கம்பளி. முகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டவர்களும் உண்டு.

முந்திய பல ஆண்டுகளில் பருவச் சீட்டு வாங்குவதற்கு மாணவர்கள் படுக்கையும் புத்தகமுமாக வந்து, இரவெல்லாம் வரிசையில் கிடப்பார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு நம் ஊர்க் கொட்டகை வாசலில் கூட்டம் நிற்குமே, அந்தக் கதைதான்!

கூடம் அப்படி ஒன்றும் பிரமாண்டமானதல்ல. 2006-ல் விரிவாக்கிய பிறகும் 4,267 பேருக்குத்தான் இடம். ஆனால் தாழ்ந்த கூரை, நெருங்கிய படிகள். நாலாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினால் அந்தச் சத்தம் எங்கே போகும்? கூரையில் மோதித் திரும்பிப் பனி மேலேயே விழுகிறது. எதிர்க் கோஷ்டியின் காதில் விழுவது நாலாயிரம் பேர் குரல் அல்ல. நாற்பதாயிரம் பேர் குரல்!

ஒரு பக்கம் மாணவர்கள். நாற்காலிகளுக்கு அங்கே வேலையே இல்லை. ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். மறுபக்கம் ஊர்க்காரர்கள். வருஷக்கணக்காக ஒரே இருக்கையை விடாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் யாருக்கும் குறைந்த ரசிகர்களல்ல. இரு சாராருக்கும் சேர்த்து ஒரே பெயர்: ‘லைனா விசுவாசிகள்’.

பத்திரிகை படிக்கும் கூட்டம்

இதோ, ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் எதிர்க் கோஷ்டி வீரர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்குகிறார். உடனே என்ன நடக்கிறது பாருங்கள். மாணவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்! ‘நீ யாரானால் எங்களுக்கென்ன? எங்களுக்குப் பேப்பர் படிக்கிற வேலை இருக்கிறது’ என்று அர்த்தம். ஒவ்வொரு பெயர் முடிந்ததும், “ஒரே அலுப்பு!” என்று ஒரு கூச்சல். நூற்றுக்கணக்கான காகிதங்கள் ஒன்றாகச் சலசலக்கும்.

பிறகு கார்னெல் வீரர்களின் பெயர் வரும். அவ்வளவுதான். பத்திரிகைகள் பந்தாகச் சுருண்டு ஆகாயத்தில் பறக்கும். கரகோஷம் கூரையைப் பிளக்கும்.

மாணவர்களே நடத்தும் ‘கார்னெல் டெய்லி சன்’ என்ற பத்திரிகை ஒன்று 1880 முதல் வந்துகொண்டிருக்கிறது. இப்போதைய மாணவர்கள் செய்தி படிப்பதெல்லாம் கைத்தொலைபேசியில்தான். ஆனால் ஹாக்கி நாளில் மட்டும் காகிதப் பத்திரிகைதான் வேண்டும். தொலைபேசியை விரித்து முகத்தை மறைக்க முடியுமா? கசக்கித்தான் எறிய முடியுமா? பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்!

அடுத்து தேசிய கீதம். எல்லோரும் மரியாதையாக நிற்கிறார்கள். அந்தப் பாட்டில் ‘சிவப்பு’ என்று பொருள்படும் சொல் ஓர் இடத்தில் வருகிறது. அந்த ஒரு சொல் வந்ததும் கூடம் முழுவதும் ஒரே குரலில் அதை மட்டும் முழங்குகிறது. மறு கணம் பழையபடி அமைதி. புதிதாக வந்தவன் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறான். அடுத்த வாரம் அவனும் முழங்குகிறான்.

“சல்லடை! சல்லடை!”

ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கோ ‘டண் டண் டண்’ என்று மாட்டு மணி அடிக்கிறது. நிஜமான மாட்டு மணியேதான்! மாணவர் பகுதியில் ஒருவன் தாளம் தவறாமல் மணியை அடிக்கிறான். முத்தாய்ப்பு வைக்கிற இடத்தில் கூட்டம் முழுவதும் கத்துகிறது. பாண்டு வாத்தியக்காரர்களும் மாணவர்களே. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மேளமும் அதிர்வேட்டும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

கார்னெல் ஒரு கோல் போட்டுவிட்டால் கேட்கவா வேண்டும்? பாண்டு முழங்கும். பிறகு ஆயிரக்கணக்கான விரல்கள் ஒரே திசையில் நீளும். எதிர்க் கோஷ்டிக் கோல் கீப்பரைக் காட்டும். “சல்லடை! சல்லடை! சல்லடை!” என்று கோஷம் எழும். தண்ணீர் ஒழுகுகிற மாதிரி அவனிடம் கோல் ஒழுகுகிறதாம்! அதோடு விட்டார்களா? “எல்லாம் உன் தப்பு! எல்லாம் உன் தப்பு!” என்று வேறு சொல்லிக் காட்டுவார்கள். பாவம், அந்தப் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். முகமூடிக்குள் முகம் என்ன பாடுபடுகிறதோ, யார் கண்டார்கள்?

இடைவேளையிலும் ஓய்வு கிடையாது. கீறல் விழுந்த பனியைச் சமப்படுத்த ஜாம்போனி என்ற வண்டி உள்ளே வரும். கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்க் ஜாம்போனி 1949-ல் கண்டுபிடித்த வண்டி. பனியின் மேல்தோலைச் சீவி, வெந்நீரை மெல்லப் பரப்பிக்கொண்டே போகும். சுடுநீர் உறைந்து கண்ணாடியாகிவிடும். நிலத்தில் பரம்படிப்பதுபோல் நிதானமாகச் சுற்றிவரும் அந்த வண்டிக்கும் ஒரு ரசிகர் கூட்டம் உண்டு!

இந்தக் கோஷங்களை அச்சிட்டுப் பாடமாக வைத்து யாரும் நடத்துவதில்லை. முதல் வருஷ மாணவன் மூன்றாம் வருஷத்தானுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறான். நான்கு வருஷம் ஆனதும் கற்றுக்கொடுத்தவன் பட்டம் வாங்கிப் போய்விடுவான், கற்றுக்கொண்டவன் ஆசானாகிவிடுவான். நமக்கெல்லாம் தலைமுறை என்றால் முப்பது வருஷம். லைனாவில் தலைமுறை என்றால் நாலே வருஷம்!

பொற்காலம்

கூச்சல் மட்டும் போதுமா, கோஷ்டியும் நன்றாக ஆட வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆடினார்கள். 1963-ல் நெட் ஹார்க்னஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். கனடாவிலிருந்து இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1967-ல் தேசியக் கல்லூரிப் பட்டம் கார்னெலுக்கு. 1970-ல் மறுபடியும் பட்டம். அதுவும் எப்படி? அந்தப் பருவத்தில் ஆடிய 29 ஆட்டங்களிலும் வெற்றி! ஒரு தோல்வி இல்லை. ஒரு சமநிலைகூட இல்லை.

1967-லிருந்து 1972 வரை சொந்தக் கூடத்தில் தொடர்ந்து 63 ஆட்டங்களை வென்றார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே படித்து முடித்துப் போன ஒரு மாணவனுக்கு, லைனாவில் தோற்பது என்றால் என்னவென்றே தெரியாமல் போயிருக்கக்கூடும்!

அந்தக் காலத்துக் கோல் கீப்பர்களில் ஒருவர் கென் டிரைடன். கல்லூரி முடிந்ததும் மாண்ட்ரியால் கோஷ்டியில் சேர்ந்து ஆறு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றார். வக்கீலானார், நூலாசிரியரானார், கனடாவில் மந்திரியும் ஆனார். 2025-ல் காலமானார். அவர் அணிந்த 1-ம் எண்ணையும், 1980-களில் ஆடிய ஜோ நியூவெண்டைக்கின் 25-ம் எண்ணையும் வேறு எவருக்கும் தருவதில்லை என்று 2010-ல் கார்னெல் முடிவு செய்தது.

கோழிக்கு மீன்

இப்போது மீன் கதைக்கு வருவோம்.

கார்னெலுக்குப் பரம வைரி ஹார்வர்ட். 1636-ல் தோன்றிய, அமெரிக்காவிலேயே மூத்த கலாசாலை. பாஸ்டன் நகரத்தை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருக்கிறது. கார்னெலிலோ புகழ்பெற்ற விவசாயக் கல்லூரி உண்டு. ஹார்வர்ட்காரர்களுக்கு அதில் ஓர் இளப்பம். ‘மாடு மேய்க்கிறவர்கள், கோழி வளர்க்கிறவர்கள்’ என்று கேலி.

1973-ல் ஹார்வர்டில் நடந்த ஆட்டத்தின்போது, அந்தப் பக்கத்து ரசிகர் ஒருவர் செத்த கோழி ஒன்றைக் கார்னெல் கோல் கீப்பரை நோக்கி எறிந்தார் என்று சொல்லுவார்கள். கார்னெல் மாணவர்கள் சளைத்தவர்களா? ஹார்வர்ட் கோஷ்டி லைனாவுக்கு வந்தபோது மீனை எடுத்து வீசினார்கள். பாஸ்டன் மீன்பிடி துறைமுகமல்லவா? மாசசூசெட்ஸ் ராஜ்யத்துச் சட்டசபையிலேயே, ஏறக்குறைய ஐந்தடி நீளத்தில் மரத்தால் செய்த காட் மீன் ஒன்று தொங்குகிறது. ‘நாங்கள் கோழிக்காரர்களானால் நீங்கள் மீன்காரர்கள்’ என்று பதில்!

அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஹார்வர்ட் வரும் நாளில் வாசலில் சோதனை நடக்கும். மாணவர்கள் மீனைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டும், கால்சட்டைக்குள் செருகிக்கொண்டும் கடத்திவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டான்! ஹார்வர்ட் வீரர்கள் பனியில் இறங்கியதும் சொத் சொத்தென்று மீன்கள் விழும். ஊழியர்கள் மண்வாரியும் துடைப்பமுமாக ஓடிவந்து அள்ளுவார்கள். பனித்தரையில் செதிள் ஒட்டிக்கொண்டால் ஸ்கேட் வழுக்கும். ஆகையால் நன்றாகத் துப்புரவு செய்யாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது.

அன்பே வினையாகும்போது

கூண்டை மறக்க வேண்டாம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது.

ஆட்டத்தினிடையே ரசிகர்கள் எதையாவது எறிந்து ஆட்டம் தடைப்பட்டால், தண்டனை யாருக்கு? எறிந்தவனுக்கல்ல, சொந்தக் கோஷ்டிக்கு! ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாகச் சொல்லி இரண்டு நிமிஷ தண்டனை விதிக்க மத்தியஸ்தருக்கு அதிகாரம் உண்டு. எதிரியை அவமானப்படுத்த எறிந்த மீன், தன் வீரனையே கூண்டில் உட்கார வைத்துவிடும். அந்த இரண்டு நிமிஷத்தில் எதிரி கோல் போட்டுவிட்டால்? மீன் எறிந்தவன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்?

ஆகவே ஒலிபெருக்கியில் எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை. கூட்டத்திலேயே விவரம் தெரிந்தவர்கள், “எறிவதானால் ஆட்டம் தொடங்குமுன் எறி, அப்புறம் கையைக் கட்டிக்கொள்” என்று புதியவர்களுக்குச் சொல்லி வைப்பார்கள்.

மீன் மட்டுமல்ல, நாக்கும் அப்படித்தான். ‘சல்லடை’ என்று சொல்வது வேடிக்கை. அதையே கெட்ட வார்த்தையாக மாற்றினால் அது வேடிக்கை அல்ல. எதிரே ஊர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வார்த்தை தடித்துப் போனபோதெல்லாம், ‘கேலி செய்யுங்கள், கொச்சை வேண்டாம்’ என்று கூட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. சுருக்கென்று தைக்கிற கேலிக்குப் புத்தி வேண்டும். வசவுக்குத் தொண்டை மட்டும் போதும். லைனா பேர் வாங்கியது முன்னதால்தான்.

மட்டையைத் தலையில் உடைத்தவர்

வீரர்களுக்கு இந்தக் கூட்டம் எப்படி வெறியேற்றும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1980-களில் மைக் ஷேபர் என்று ஒரு வீரர். ஹார்வர்டோடு ஆட்டம். அறிவிப்பாளர் இவர் பெயரைச் சொன்னார். கூட்டம் ‘ஹோ’வென்று கத்தியது. இவர் கையிலிருந்த மட்டையைத் தூக்கித் தம் தலைக்கவசத்தின் மேலேயே ஓங்கி அடித்து இரண்டாக உடைத்தார்! கூடம் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதே ஷேபர் 1995-ல் கார்னெலின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முப்பது ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்து 2025-ல் ஓய்வு பெற்றார். அவருடைய காலத்தில் கூட்டம் ஊர்விட்டு ஊர் போகவும் பழகிவிட்டது. கேம்பிரிட்ஜில் ஹார்வர்டின் கூடத்துக்கே சிவப்புச் சட்டைக்காரர்கள் படையெடுத்துப் போய் நிரம்பிவிடுவதால், அந்தக் கூடத்துக்குக் ‘கிழக்கு லைனா’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்! 2007 முதல் நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டனில், நவம்பர் மாத நன்றியறிதல் பண்டிகையை ஒட்டி, பாஸ்டன் சர்வகலாசாலையோடு ஓராண்டு விட்டு ஓராண்டு ஆடுகிறார்கள். அந்தப் பெரிய அரங்கத்தில் பழைய மாணவர்கள் தொப்பையும் நரையுமாக வந்து நின்று, அதே கோஷத்தை அதே தாளத்தில் போடுகிறார்கள்.

கூடம் ஊமையான காலம்

இவ்வளவு கலகலப்பாக இருந்த கூடம் ஒரு நாள் வாயடைத்துப் போயிற்று.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம். அந்தப் பருவத்தில் கார்னெல் ஆண்கள் கோஷ்டி 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமநிலை என்ற கணக்கோடு தேசத்தில் முதலிடத்தில் இருந்தது. அதே கூடத்தில் ஆடும் பெண்கள் கோஷ்டியும் 28 வெற்றி, 2 தோல்வி, 3 சமநிலையோடு முதலிடம். ஆணும் பெண்ணுமாக இரண்டு கோஷ்டிகளும் ஒரே சமயத்தில் உச்சியில்! 1970-க்குப் பிறகு ஐம்பது ஆண்டு காத்திருந்த தேசியப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். விசுவாசிகள் பத்திரிகைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

கொரோனா வந்தது. ஒரு சில நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. பந்தயங்கள் ரத்து, தேசியப் போட்டியே ரத்து. மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கோஷ்டி பட்டம் வாங்கியிருக்குமா, மாட்டாதா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. இலை போட்டுப் பரிமாறிய பிறகு பந்தியைக் கலைத்த மாதிரி!

அடுத்த பருவமும் நடக்கவில்லை. கார்னெல் சேர்ந்திருக்கும் ஐவி லீக் கலாசாலைகள் குளிர்கால விளையாட்டுகளை அடியோடு நிறுத்திவைத்தன. மாட்டு மணி இல்லை, பாண்டு இல்லை, மீன் இல்லை. 1957-ல் கட்டிய கூடத்தில், ஒரு குளிர்காலம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட இல்லை.

இதில் நஷ்டம் ஒரு பட்டம் மட்டும் அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கதவு மறுபடியும் திறந்தபோது, முதல் வருஷத்து மாணவர்களும் சரி, இரண்டாம் வருஷத்து மாணவர்களும் சரி, லைனாவில் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை! பாதிக் கல்லூரிக்கு எந்த இடத்தில் ‘சிவப்பு’ என்று முழங்க வேண்டும், எப்போது பத்திரிகையை விரிக்க வேண்டும், எப்போது கசக்க வேண்டும் என்று தெரியாது. மூன்றாம் வருஷத்தான் ஒரே ஒரு பருவம் பார்த்தவன். இன்னும் இரண்டு குளிர்காலம் கூடம் மூடிக் கிடந்திருந்தால், அங்கே சொல்லிக்கொடுக்க ஒரு மாணவனும் மிஞ்சியிருக்க மாட்டான்.

ஐம்பது வருஷத்துக் கேலியும் கோஷமும் நாலைந்து பருவத்து மௌனத்தில் அழிந்து போகக்கூடியவைதான். கல்லில் வெட்டி வைத்ததல்ல; வாயிலிருந்து காதுக்குப் போவது.

என்ன ஆயிற்று? மூத்த மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். எதிரே ஊர்க்காரர்கள் பழைய இருக்கைகளில் வந்து உட்கார்ந்தார்கள். எத்தனையோ நாலு வருஷத் தலைமுறைகளைப் பார்த்தவர்கள் அவர்கள். மாணவன் மறந்தாலும் அவர்கள் மறப்பார்களா? மாட்டு மணி மறுபடியும் ஒலித்தது. ஹார்வர்ட் வந்தது; மீனும் வந்தது. 2024-லும் 2025-லும் கார்னெல் தன் வட்டாரப் போட்டியில் பட்டம் வென்றது. தேசியப் பட்டம் 1970-க்குப் பிறகு இன்னும் வரவில்லை. விசுவாசிகள் நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள்.

பார்க்கிறவனும் ஆடுகிறவனே

ஆட்டம் முடிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீரர்கள் மட்டைகளை உயர்த்தி மாணவர்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் தொண்டை கட்டிப்போன கூட்டம் கை தட்டுகிறது. காலடியில் கசங்கின பத்திரிகைகள். காற்றில் லேசாக மீன் நாற்றம்.

அங்கே பார்க்க வருகிறவன் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை, அவனும் ஆடுகிறான். அவன் நன்றாக ஆடினால் எதிரிக்குக் கை நடுங்கும். வரம்பு மீறி ஆடினால் சொந்த வீரன் கூண்டுக்குப் போவான். அவன் வராமலே இருந்துவிட்டால் ஆட்டமே ஊமை.

வெளியே வந்தால் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. குன்றில் இறங்கும் பாதையில் முதல் வருஷத்துப் பையன் ஒருவன் கூட வருகிறவனிடம், “அந்த மணி அடித்ததும் எப்போது கத்த வேண்டும்? இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டுக்கொண்டே போவான். அவன் நடந்தபடியே கையைத் தட்டித் தாளம் போட்டுக் காட்டுவான்.

நாளைக்குச் சனிக்கிழமை. இன்னொரு ஆட்டம் இருக்கிறது!